ஒரு கரண்டிக் கிருமி, ஒரு இலைக் கிருமி

உட்காருங்கம்மா, உட்காருங்க. இடம் தாராளமா இருக்கு. நான் இந்தப் பையை மடியில வச்சிக்கிறேன். இப்ப வர்ற பஸ்ஸுல எல்லாம் சீட்டைச் சின்னதா வச்சிடுறாங்க. முன்னாடியெல்லாம் மூணு பேர் சீட்டுன்னா நெசமாவே மூணு பேர் உட்காரலாம். நானும் என் ஓரகத்தியும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உட்கார்ந்து, நடுவுல எங்க மாமியாரை வச்சிக் கூட்டிட்டுப் போயிருக்கோம். அவங்க ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்ற அளவுக்கு அவங்களால மூச்சு விட முடியலைன்னு என் ஓரகத்தி சொல்லுவா. அவ பேச்சை விடுங்க.

ஜன்னலை மட்டும் மூடச் சொல்லிராதீங்க. மழை வந்தாலும் சரி, புழுதி வந்தாலும் சரி. அந்தப் பெரிய காய்ச்சல் வந்து ஊரே வீட்டுக்குள்ள கிடந்துச்சே, அப்ப நான் ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கிடந்தவ. அதுல இருந்து எனக்குக் காத்து கண்ணுக்குத் தெரியணும். முடி பறக்கணும். எங்ககிட்ட கார் இருக்கு. எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை ஏத்தி விட்டு ஏசியைப் போட்டார்னா எனக்கு மூச்சு முட்டுது. அதான் பஸ்ஸு.

மதுரைக்குத்தானே நீங்களும்? நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஐயய்யோ, தள்ளிப் போகாதீங்க, தொத்துற சீக்கு ஒண்ணும் இல்லை. வயித்து டாக்டர். இன்னைக்கு எனக்கு வாய் வழியா குழாய் விட்டு வயித்துக்குள்ள பார்க்கிற டெஸ்ட். நேத்து ராத்திரியில இருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. பச்சைத் தண்ணி கூடப் பல்லுல படக் கூடாது. இந்த டெஸ்ட்டு முடிஞ்சா தேதி குறிச்சிருவாங்க. ஆபரேஷனுக்கு. வயித்தைச் சின்னதாக்கி எடையைக் குறைக்கிற ஆபரேஷன்.

என்னைப் பார்த்தா அந்த ஆபரேஷன் பண்ணிக்கிற ஆளு மாதிரியா இருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்க.

ஏன் கண்டக்டரைப் பார்க்கிறீங்க? அவர் என்ன சொல்லப் போறார்? எங்க வீட்டு வாகே இதுதான். எலும்பு கனம்.

விஷயம் என்னன்னா, நடுவுல ஒரே ஒரு வாய் ஏதாவது போட்டுட்டேன்னு வையுங்க, இன்னைக்கு டெஸ்ட்டு கிடையாது. டெஸ்ட்டு இல்லைன்னா தேதி இல்லை. நாளைக்கு அந்த டாக்டர் வெளிநாடு போறாராம். அவர் திரும்பி வர்றதுக்குள்ள என் மனசு மாறிரும்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரே ஒரு முறுக்கு. அதைக் கடிச்சேன்னா நான் தப்பிச்சேன். கள்ளிக்குடியில வெள்ளரிப்பிஞ்சு ஏறும். திருமங்கலத்துல முறுக்கு, கடலை, சுண்டல் எல்லாமே ஏறும். கடிக்கிறதா வேண்டாமான்னு இன்னும் நான் முடிவு பண்ணலை. அதான் உங்களைப் பிடிச்சிப் பேசிட்டு வர்றேன். வாய் ஓடிக்கிட்டிருந்தா வயிறு சும்மா இருக்கும்ல?

அதோ, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு. பச்சைச் சேலை. ஜாக்கெட்டுக்கு மேல கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது பாருங்க. அதான் என் ஓரகத்தி, செல்வக்கனி. என் கொழுந்தனார் சம்சாரம். எனக்குத் துணைக்குத்தான் வந்திருக்கா. துணைக்கு வந்தவ ஏன் அங்க உட்கார்ந்திருக்கான்னு கேட்பீங்க. காலையில சண்டை. அதனால அவ அங்க, நான் இங்க.

சண்டை என்ன சண்டை. எந்திரிச்சேன், பல்லு விளக்கினேன், பழக்கதோஷத்துல ஒரு டம்ளர் காப்பியைக் கையில எடுத்தேன். எடுத்தேன், அம்புட்டுதான். டம்ளருக்கும் உதட்டுக்கும் நடுவுல இவ கை வந்துருச்சு. பிடுங்கிக் கொண்டு போய்த் தொட்டியில ஊத்திட்டா. என் வீட்டு அடுப்புல நான் போட்ட காப்பி. "எங்களை விட்டுட்டுப் போகணும்னு இருந்தா முன்னாடியே சொல்லிருங்கக்கா, நான் போய் என் வேலையைப் பார்க்கிறேன்"ங்கிறா. எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிச்சிட்டு இருந்தவர், அதை அப்படியே தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சிக்கிட்டார். அவர் எப்பவும் அப்படித்தான். அவர் தம்பியும் அப்படித்தான். விருதுநகர்ல ரெண்டு பேருமா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வச்சிருக்காங்க. நாள் முழுக்க வத்தலுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கிறவங்க, வீட்டுக்கு வந்தா காரமா ஒரு வார்த்தை வராது.

நாங்க கீழ் வீடு, அவங்க மாடி. நான் மூத்தவ, அவ இளையவ. ரெண்டு பேரும் இந்தக் குடும்பத்துக்கு வந்தப்ப கொடி மாதிரிதான் இருந்தோம். போட்டோ இருக்கு. அப்புறம் ஒரே மாதிரி சதை போட்டோம். அவ ஒரு சுத்து பெருத்தா நானும் ஒரு சுத்து பெருத்திருவேன். டெய்லர்கிட்ட ஒரே அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து ரெண்டு பேருக்கும் தைச்சிக்குவோம்னா பார்த்துக்கங்க. அம்புட்டு ஒத்துமை. அவளுக்குச் சுகர் வந்த வருஷமே எனக்கும் வந்துச்சு.

அந்த ஒத்துமைக்கு என்ன காரணம்னா கிண்ணம். உங்க வீட்லயும் அந்தப் பழக்கம் இருக்கும். ஒரு வீட்ல இருந்து ஏதாவது கொடுத்து விட்டா, கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம்ல? ஒண்ணும் இல்லைன்னாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுக்கணும். நான் ஒரு கிண்ணம் கறிக்குழம்பு மேல அனுப்புவேன். அது கேசரியோட கீழே வரும். வெறும் கிண்ணத்தை எப்படிக் கொடுக்கிறதுன்னு நான் வடை போட்டு அனுப்புவேன். அது அதிரசத்தோட வரும். இப்படியே பொழுதுக்கும் மாடிப்படியில கிண்ணம் ஏறும், இறங்கும். யார் கிண்ணம்னே மறந்து போச்சு. நாங்கதான் ஏறி இறங்கலை. பிள்ளைங்கதான் கொண்டு போவாங்க, கொண்டு வருவாங்க.

உடம்பைக் குறைக்கிறதுக்கு அவ என்னென்னமோ பண்ணிப் பார்த்தா. பாவம், ஒண்ணுலயும் நிலைக்க மாட்டா. அவளுக்கு மன உறுதி பத்தாது. காலையில நடக்கணும்னு சொன்னா. சரி, தனியா போறாளேன்னு நானும் கூடப் போனேன். ஸ்டேஷன் வரைக்கும் நடப்போம். எதிர்த்தாப்புல ஒரு கடையில அந்நேரத்துக்கே உளுந்த வடை போடுவான். இவ முகமெல்லாம் வேர்த்து வாடிப் போயி நிப்பா, எனக்கு மனசு தாங்காது. "ஒண்ணு சாப்பிட்டாத்தான் திரும்பி நடக்கத் தெம்பு இருக்கும்"னு நான்தான் வாங்கிக் கொடுப்பேன். ஒண்ணோட நிறுத்த முடியுமா? திரும்பும்போது ஆட்டோ.

இன்னொரு தடவை, சோத்தையே விட்டுட்டேன்னு சொன்னா. கொள்ளு ரசம் மட்டும் குடிச்சிட்டுக் கிடக்கிறா. எனக்குக் கீழே சோறு இறங்குமா? இறங்குச்சு, ஆனா மனசோட இறங்கலை. எங்க ஊர்ல எண்ணெய்ப் பரோட்டான்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா, அப்படியே மொறுமொறுன்னு பொரிச்சு எடுப்பான். அதை வாங்கி அனுப்பினேன். அது சோறு இல்லையே, மாவுதானே. தின்னா. மறுநாள் கொள்ளு ரசத்தை விட்டுட்டா. நான் என்ன செய்ய? கூட இருந்து பார்த்துக்க என்னை மாதிரி ஒருத்தி இருந்தும் அவளால முடியலை.

இப்படி இருந்தவ, ஒருநாள் கோயம்புத்தூருக்குப் போறேன், மக ஹாஸ்டல்ல கூட்டம் போட்டிருக்காங்கன்னு கிளம்பினா. புருஷனும் கூடப் போனார். என்ன கூட்டமோ, ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. திரும்பி வந்தா, முகம் சுண்டிப் போயிருக்கு. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைங்கிறா. பாவமேன்னு அன்னைக்கே நாட்டுக்கோழி அடிச்சுக் குழம்பு வச்சிக் கிண்ணத்துல அனுப்பினேன்.

கிண்ணம் வெறுமனே வந்துச்சும்மா.

கழுவித் துடைச்சு, பளபளன்னு. உள்ள ஒண்ணுமே இல்லை. நான் அதைக் கவுத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்கிட்டயும் காட்டினேன். "கிண்ணத்துல என்ன?"ன்னார். "ஒண்ணுமில்லை, அதைத்தான் காட்டுறேன்"ன்னேன். மறுநாள் மீன் குழம்பு அனுப்பினேன். மறுபடியும் வெறும் கிண்ணம். என்ன கோவம்னு தெரியாம எனக்கு உசுரே போகுது. வாயைத் திறந்து சொன்னால்ல தெரியும்?

சரி, மூத்தவ நான்தான் இறங்கிப் போகணும்னு நினைச்சேன். இறங்கிப் போகன்னா ஏறித்தான் போகணும், அவ மாடியில இருக்கா. குழிப்பணியாரத்தைச் சுட்டு எடுத்துக்கிட்டு, படியில உட்கார்ந்து உட்கார்ந்து மேல போய்ச் சேர்ந்தேன். இவ கட்டில்ல சாஞ்சு கிடக்கா. "வேண்டாங்கக்கா, வயிறு சரியில்லை"ங்கிறா. "வயிறு சரியில்லைன்னாதான் சாப்பிடணும். வாயைத் திற"ன்னேன். "அக்கா, வேண்டாம்"ங்கிறா. "திறடி"ன்னு நானே பிட்டு ஊட்டி விட்டேன். முழுங்கின மாத்திரத்துல எந்திரிச்சு ஓடுனா பாருங்க, குடலே வெளியே வர்ற மாதிரி வாந்தி.

முகம் வாடியிருக்கு, சாப்பாடு பிடிக்கலை, வாந்தி. நான் அஞ்சாவதோட படிப்பை நிறுத்துனவ. ஆனா ரெண்டு பெத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அவளுக்கு வயசு நாப்பத்தாறு. இருக்கட்டுமே, கடவுள் கொடுத்தா யாரு வேண்டாங்கிறது? சந்தோஷத்துல கீழே ஓடி வந்து, ஓடி வரலை, பிடிச்சிப் பிடிச்சி இறங்கி வந்து, என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சிவகாசியில இருக்கிற நாத்தனாருக்குப் போனைப் போட்டேன். "ரகசியமா வச்சிக்கங்க"ன்னு எதிர் வீட்டுல சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள யார் யாரோ மாங்காயும் புளிச்சாதமும் எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறுறாங்க. என் கொழுந்தனார் கடையில இருந்து வந்தார், வழியில நாலு பேர் கையைப் பிடிச்சிக் குலுக்கிட்டாங்களாம். மனுஷன் முகம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்திருக்கு. நேரா என்கிட்ட வந்து, "மதினி, அவளுக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. வயித்தைச் சின்னதாக்கியிருக்கு. வேற ஒண்ணும் இல்லை. தயவு பண்ணி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க"ன்னு கும்பிட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரே அளவு ஜாக்கெட்டு போட்டவங்க நாங்க. தலைவலின்னாலும் என்கிட்ட சொல்றவ. ஆஸ்பத்திரிக்குப் போயி, மயக்க ஊசி போட்டு, வயித்துல ஓட்டை போட்டு, ஒரு வாழைப்பழம் கணக்கா வயித்தை வெட்டித் தைச்சு எடுத்துட்டு வந்திருக்கா. எனக்குத் தெரியாது. போய்க் கேட்டேன். "ஏன்டி என்கிட்ட சொல்லலை?"ன்னு. அவ சொல்றா, "சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்கே சாப்பாடு கட்டிட்டு வந்திருப்பீங்கக்கா."

வரமாட்டேனா பின்ன? ஆஸ்பத்திரிச் சாப்பாடு நல்லாவா இருக்கும்? அதை ஒரு குத்தமா சொல்றா பாருங்க.

இந்தா வந்துருச்சு கள்ளிக்குடி. வெள்ளரிப்பிஞ்சு... ஏம்பா, இந்தப் பக்கம் வராத, அந்தப் பக்கமே போ. உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கீறி வச்சிருக்கான் பாருங்க, படுபாவி. வெள்ளரி தண்ணிதானே? தண்ணியும் கூடாதுன்னுட்டாங்களே. உங்களுக்கு வேணும்னா வாங்கிக்கங்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன். வேண்டாமா? நல்ல பொண்ணு.

எங்க விட்டேன்? அப்புறம் இவ இளைக்க ஆரம்பிச்சா. மாசத்துக்கு மாசம் சேலை மட்டும் வர்ற மாதிரி இருக்கு. சுகர் மாத்திரையை டாக்டர் ஒண்ணு ஒண்ணா நிறுத்திட்டார். மாடிப்படி இறங்குறா, ஏறுறா, மறுபடி இறங்குறா, எதுக்கு இறங்குறான்னே தெரியலை. ஒரு டப்பா வச்சிருப்பா, அதுல ரெண்டு முந்திரி, ஒரு துண்டு முட்டை. ஒரு தடவைக்கு அவ்வளவுதான் இறங்கும். ஆனா மணிக்கொரு தடவை திறந்து அணில் மாதிரி கொறிச்சிக்கிட்டே இருப்பா. கொறிக்கலைன்னா அவளுக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வரும். வீதியில வளையல்காரி வந்தா, எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு, "உங்க மருமகளுக்கு எந்தக் கலரும்மா?"ங்கிறா. நான் அவகிட்ட அதுக்கப்புறம் வளையலே வாங்குறதில்லை.

அதுக்கு மறு வருஷம்தான் அந்தக் காய்ச்சல். சிவகாசி நாத்தனார் வீட்டுப் புது வீடு புகுற விசேஷம். கொஞ்சம் பேர்தான், கவர்மெண்ட்டு சொன்ன கணக்குதான்னு கூப்பிட்டாங்க. மாஸ்க்கு போட்டுத்தான் போனோம். ஆனா மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு எப்படிச் சாப்பிடுறது? பந்தியில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தோம், நானும் அவளும். எதிர்ல ஒரு ஆளு இருமிக்கிட்டே பரிமாறினான். ரெண்டு பேருக்கும் ஒரே நாள் காய்ச்சல் வந்துச்சு. ஒரே வீடு, ஒரே பந்தி, ஒரே இருமல். ஆனா பாருங்க, அவளுக்கு என்ன வந்துச்சு? தொண்டை வலி, கொஞ்சம் காய்ச்சல், வாசனை தெரியலை. மாடியில படுத்துக்கிட்டு சீரியல் பார்த்தா. சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு. எனக்கோ, ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்புல பேச முடியலை. நான் பேசாம இருக்கேன்னு கவனிச்சிட்டுத்தான் எங்க வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவர் அம்புட்டு கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அங்க வார்டுல படுத்துக்கிட்டு நான் யோசிச்சேன். எப்படி இப்படி ஆச்சு? அப்புறம் எனக்கு விளங்கிருச்சு. பந்தியில அவ ஒரு கரண்டி சாப்பிட்டா, அவளுக்கு ஒரு கரண்டிக் கிருமி. நான் ஒரு இலை சாப்பிட்டேன், எனக்கு ஒரு இலைக் கிருமி. ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர்கிட்ட மூச்சு வாங்கி மூச்சு வாங்கி இதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை கவச உடுப்புக்குள்ள குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுச்சு. "கிருமி சாப்பாட்டுல வரலைம்மா, மூச்சுல வந்துச்சு. அந்தம்மா முன்கூட்டியே எடை குறைச்சிட்டாங்க, சுகரும் குறைஞ்சிருச்சு, நெஞ்சு விரியறதுக்கு இடம் இருந்துச்சு. அதனால லேசாப் போயிருக்கலாம். அப்படி நிறைய பேரைப் பார்க்கிறோம். ஆனா உங்க ரெண்டு பேர் விஷயத்துல இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது"ன்னுச்சு. பாருங்க, அவங்களாலயே அடிச்சுச் சொல்ல முடியலை. அப்ப என் கணக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?

குப்புறப் படுக்கச் சொன்னாங்கம்மா. குப்புறப் படுத்தா நுரையீரலுக்குக் காத்துப் போகுமாம். எனக்கும் கட்டிலுக்கும் நடுவுல வயிறு இருக்கே! படுத்தா நான் தொட்டில் மாதிரி ஆடுறேன். காலும் மெத்தையில படலை, தலையும் தலகாணியில படலை. நர்ஸுங்க ரெண்டு பேர் தள்ளிப் பார்த்துட்டு, "எங்களால முடியலைம்மா"ன்னுட்டாங்க. அப்ப ஒருத்தி உள்ள வந்தா. கவசம், கண்ணாடி, கையுறை, யாருன்னே தெரியலை. ஒல்லியா இருக்கா. "தலகாணி எல்லாத்தையும் இங்க கொண்டாங்க"ன்னா. குரலை வச்சித்தான் கண்டுபிடிச்சேன். காய்ச்சல் விட்டு எந்திரிச்சதும், துணைக்கு ஒருத்தரை விடுங்கன்னு சண்டை போட்டு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கா.

நெஞ்சுக்குக் கீழ ரெண்டு, இடுப்புக்குக் கீழ ரெண்டு, நடுவுல வயித்துக்குக் குழி விட்டுத் தலகாணியை அடுக்கினா. "எனக்கும் இருந்துச்சுல்ல இதே வயிறு, எங்க இடிக்கும்னு எனக்குத் தெரியும்"னு அந்த நர்ஸுங்ககிட்ட சொல்றா. என்னைப் பிடிச்சு ஒரே புரட்டு. அந்த உடம்புல அம்புட்டு பலம் எங்க இருந்து வந்துச்சோ. அப்புறம் என் காதுகிட்ட உட்கார்ந்துக்கிட்டு, "இழுங்கக்கா. விடுங்கக்கா. இழுங்கக்கா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. பிரசவம் பார்க்கிற மாதிரி. நான் தூங்கினாலும் விடலை.

பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. என்னை விட வயசு கம்மி, ஆனா என் வாகு. ஒருநாள் காலையில கண்ணு முழிச்சா கட்டில் காலியா இருக்கு, விரிப்பை மாத்திட்டு இருக்காங்க. வீட்டுக்குப் போயிருச்சான்னு கேட்க வாயெடுத்தேன். கனி என் முகத்தை இந்தப் பக்கமா திருப்பி விட்டுட்டா. "இழுங்கக்கா"ன்னா. அவ கண்ணாடிக்குள்ள தண்ணி ஓடுது. வேர்வைன்னு சொன்னா. வேர்வை நெத்தியில இருந்து வரும். இது அங்க இருந்து வரலை.

அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் பேசுனதில்லை.

வீட்டுக்கு வந்தப்புறம் டாக்டர் சொன்னார், இன்னொரு தடவை இப்படி ஒரு காய்ச்சல் வந்தா உங்க உடம்பு தாங்குறது கஷ்டம், எடையைக் குறைச்சே ஆகணும்னு. அன்னைக்குப் பிடிச்சா இவ. "ஆபரேஷன் பண்ணிக்கங்கக்கா, ஆபரேஷன் பண்ணிக்கங்கக்கா." விசேஷ வீட்ல சொல்றா, கோயில்ல சொல்றா. நானும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்லித் தள்ளிட்டேன். மக பிரசவம், மழை, ஆடி மாசம். இப்ப ஒண்ணும் மிச்சமில்லை சொல்றதுக்கு.

பயம் இல்லாம இருக்குமா? கத்தி வைக்கிறாங்களே. ஆனா கத்திக்குக் கூட நான் அம்புட்டு பயப்படலை. இது யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க மதுரையில இறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்றேன். எனக்குப் படிப்பு கிடையாது. கடைக் கணக்கு தெரியாது. சமைப்பேன், சாப்பிடுவேன், சாப்பிட வைப்பேன். எங்க வீட்ல யாருக்கு என்ன சந்தோஷம் வந்தாலும், என்ன துக்கம் வந்தாலும், நேரா அடுப்படிக்கு என்கிட்டத்தான் வருவாங்க. இனி நானும் ஒரு டப்பாவுல ரெண்டு முந்திரியை வச்சிக்கிட்டு உட்கார்ந்தா, அந்த வீட்டுல நான் எதுக்கு? அவளுக்கென்ன, அவ பன்னெண்டாவது படிச்சவ, கடைக்குப் போய் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறா. எனக்கு வயிறு போனா எல்லாம் போச்சு.

சரி, அழுகையெல்லாம் இல்லை, காத்து. ஜன்னல் காத்து.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? பஸ்ஸு ஏறுனதுல இருந்து பார்க்கிறேன், அவ இன்னும் அந்த டப்பாவைத் திறக்கலை. ஊர்ல ஏறினதும் ஒரு தடவை, கள்ளிக்குடியில ஒரு தடவை திறந்திருக்கணும். தலையைக் கம்பியில சாய்ச்சிட்டா பாருங்க. கோவத்துல டப்பாவை வீட்லயே வச்சிட்டு வந்துட்டாளோ? இருக்காதே, அவ புருஷனை மறந்தாலும் அதை மறக்க மாட்டாளே.

என்ன சொல்றீங்க?

நீங்க முதல்ல அவ பக்கத்துலயா உட்கார்ந்திருந்தீங்க?

அவளா உங்களை இங்க அனுப்பினா? என்னன்னு சொல்லி? "பின்னாடி எங்க அக்கா தனியா உட்கார்ந்திருக்காங்க, டெஸ்ட்டுக்காகப் பட்டினி, பேச்சுக்கு ஆளிருந்தா சாப்பிட மாட்டாங்க, கொஞ்சம் போய் உட்காருங்க"ன்னா? அப்ப நீங்க இம்புட்டு நேரம் எனக்குக் காவலா? வெயில் அடிக்குதுன்னு வந்தீங்கன்னுல்ல நினைச்சேன்! நானும் வெகுளியா என் வயித்துல இருக்கிறதெல்லாம் கொட்டிட்டு வர்றேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க அவளுக்கு. உங்களுக்கும்தான்.

சிரிக்காதீங்க. டப்பா கொண்டு வந்திருக்காளா இல்லையா, அதைச் சொல்லுங்க.

இருக்கா. திறந்தாளா?

திறந்துட்டு மூடிட்டாளா? ஏனாம்?

"அக்கா பட்டினி கிடக்கும்போது எனக்கு இறங்கலை"ன்னாளா.

அறிவு இருக்கா அவளுக்கு? நான் பட்டினி கிடந்தா என் உடம்புல இருந்து ஒரு மாசத்துக்கு எடுத்துக்கும். அவகிட்ட எங்க இருக்கு எடுத்துக்கிறதுக்கு? விடிஞ்சதுல இருந்து ஒண்ணும் இல்லாம இருக்கான்னா இந்நேரம் கண்ணை இருட்டியிருக்கும். அதான் சாஞ்சு கிடக்கா. கிறுக்கி. இறங்கும்போது விழுந்து வச்சான்னா என்னை யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? வழி எனக்குத் தெரியுமா?

திருமங்கலம் வந்துருச்சா? ஏம்பா! கடலை! இங்க, இங்க வா. அவிச்ச கடலைதானே? சூடா இருக்கா? ஒரு பொட்டலம் கொடு. ஓட்டோடயே கொடு.

ஏம்மா என் கையைப் பிடிக்கிறீங்க? விடுங்க. எனக்கில்லை. உங்க வேலையை நல்லாத்தான் பார்க்கிறீங்க. சொல்றேன், எனக்கில்லை. மோந்து பார்க்கிறதுக்குக் கூட கூடாதா என்ன?

நீங்க ஒண்ணு பண்ணுங்க. முன்னாடி போயி அவ சீட்டுல உட்கார்ந்துக்கங்க, அவளை இங்க அனுப்புங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்ல வேண்டாம். சொன்னா ரொம்பத்தான் ஏறிக்குவா. உங்களுக்கு இங்க இடம் பத்தலைன்னு சொல்லுங்க. நம்புவா.

ஓட்டை நானே உடைச்சுத் தொலியெடுத்து, ஒவ்வொரு பருப்பா அவ கையில வைக்கணும். மொத்தமா கொடுத்தா அவளுக்கு நெஞ்சை அடைச்சிரும். ஒண்ணை வாயில போட்டா, அரைச்சு மாவாக்கித்தான் முழுங்குவா. அது இறங்கினப்புறம்தான் அடுத்தது. இந்த ஒரு பொட்டலத்தை அவ தின்னு முடிக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரி வாசலே வந்துரும். அது வரைக்கும் என் ரெண்டு கையும் சும்மா இருக்காது.

போங்கம்மா, சீக்கிரம் போங்க. பஸ்ஸு கிளம்புறதுக்குள்ள வரச் சொல்லுங்க, ஆட்டத்துல விழுந்துரப் போறா.